கண்டக்டர் பிடித்த என் கெண்டை

மார்ச் 3, செவ்வாய்

என் கெண்டையை என் மைத்துனன் பிடித்துவிட்டான். அதன் பெயர் திருட்டு. இதைவிட மரியாதையான சொல் இருக்கலாம். நான் தேடப் போவதில்லை.

நடந்ததை நடந்தபடி இன்றே எழுதி வைக்கிறேன். அவன் காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஒரு கதையை அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வேறு கதையாக்கிவிடுவான்.

வாரக்கணக்கில், சாவிக் கடையைத் திறப்பதற்கு முன்னால் ஆற்று வளைவுக்குப் போய் வேகவைத்த சோளம் தூவி வந்தேன். தூண்டில் முள் போடவில்லை. ஒரு நாள்கூட. மீனும் வாடிக்கையாளரும் ஒன்று. தினமும் ஒரே வேளையில் கதவு திறந்தால்தான் நம்பி வரும். இதை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. பூட்டு வேலையும் யாரும் சொல்லித்தந்ததல்ல, கழற்றிப் பார்த்துக் கற்றதுதான். முதலில் பொடி மீன்கள் வந்தன. பிறகு பெரியது ஒன்று. முதுகு தெரியும்போது வால் தெரியாது, அவ்வளவு நீளம். இன்று முள் போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

போனால் அவன் உட்கார்ந்திருக்கிறான். மடக்கு நாற்காலியில், கால் மேல் கால் போட்டு. கைவலைக்குள் என் கெண்டை.

"வாங்க அத்தான். அதிசயத்தைப் பாருங்க, முதல் வீச்சுலயே."

"அது நான் சோளம் போட்டு வளர்த்த மீன்."

"அப்படியா? அது ஒண்ணும் சொல்லலையே."

"எழுந்திரு."

"ஆறு பொதுதானே அத்தான்."

ஆறு பொதுதான். சோளம் யாருடையது? இதைக் கேட்பதற்காக ஓர் அடி முன்னால் வைத்தேன். களிமண் சரிவு. கேள்வியின் பாதியைக் கரையிலும் மீதியை மார்பளவு தண்ணீரிலும் கேட்டேன். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, எனக்கு ஒட்டியது. அவன் கைவலையை நீட்டினான். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. ஒரே வலையில் இரண்டு உருப்படி என்று இந்நேரம் கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருப்பான்.

சோள விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது? தினமும் சோளம் வேகும் அடுப்பு யாருடையது என்று யோசித்தால் போதும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இங்கே ஊரான் நான்.

சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி, அவன் அக்கா, துண்டு எடுத்துத் தரவில்லை. தீர்ப்பு சொன்னாள்.

"இந்த வருஷத்துல இது எத்தனாவது தடவைன்னு நான் எண்ணலை. இன்னொரு தடவை இப்படி நனைஞ்சு வந்தீங்கன்னா மூணு தூண்டில் கம்பும் என் தம்பி வீட்டுக்குப் போயிடும். அவனாவது காஞ்சு வீட்டுக்கு வர்றான்."

மூன்று கம்பும் நானே செய்தவை. செதுக்கி, நூல் சுற்றி, தூண்டில் நரம்பு சுற்றும் உருளையைப் பழைய பூட்டுப் பித்தளையில் கடைந்து பொருத்தியவை. அவை அவன் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பதா? அவள் சொன்னால் செய்வாள். அதுதான் பயம்.


மார்ச் 4, புதன்

நனைவது என்றால் என்ன என்று அவளிடம் காலையில் வாதாடினேன். முழங்காலுக்குக் கீழே நனைவது நனைவதில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

மதியம் அவள் தம்பி வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. கெண்டைக் குழம்பு. என் கோபம் மீன் மேல் இல்லை, அதனால் சாப்பிட்டேன்.

"உங்க சோளம் வீணாகலை. சதை நல்லாப் பிடிச்சிருக்கு," என்றாள்.

இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை. அவள்தான் போட்டாள்.


மார்ச் 7, சனி

கண்டக்டர் கடைக்கு வந்தான். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் கெண்டையின் நீளத்தைக் கைகளை விரித்துக் காட்டினான். காலையில் முழங்கை அளவு இருந்தது, மதியத்துக்குள் கடை வாசலுக்கு வெளியே போய்விட்டது. "நான் வண்டியில ஏத்தியிருந்தா அதுக்கு முழு டிக்கெட் போட்டிருப்பேன்" என்கிறான்.

போகும்போது தூண்டில் சாமான் பெட்டியை மேசை மேல் வைத்தான். பூட்டு இறுகிவிட்டதாம், எண்ணெய் போட வேண்டுமாம்.

எண்ணெய் போட்டேன். உள்ளே ஒரு சின்ன ஊசியையும் மாற்றினேன். பூட்டினால் பூட்டும். திறக்க என் கை வேண்டும்.


மார்ச் 9, திங்கள்

வேர்த்து விறுவிறுத்து வந்தான். ஆற்றங்கரையில் காலை முழுக்கப் பூட்டிய பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். மீன் துள்ளித் துள்ளி வேடிக்கை பார்த்ததாம்.

"அத்தான், இது திறக்க மாட்டேங்குது."

"ஆறு பொது. பூட்டு அப்படி இல்லப்பா."

பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரிப்பு கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும். நான் அரத்தை எடுத்து வேறு வேலை பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் சிரித்ததைச் சிரிப்பில் சேர்க்க முடியாது.


மார்ச் 12, வியாழன்

கடன் அடைத்துவிட்டான்.

தடுப்பணைக்கு மேலே ஆள் உயரக் கெளுத்தி புரளுகிறது என்று என் காதில் விழும்படி தையற்காரரிடம் சொல்லியிருக்கிறான். தையற்காரர் என் எதிர்க் கடை. அவரிடம் சொன்னால் தெருவிடம் சொன்ன மாதிரி. போனேன். கெளுத்தி இல்லை. சேறு இருந்தது. ஒரு செருப்பை அதற்குக் கொடுத்தேன். மிச்சக் கோபத்தில் வேகமாக வீசினேன், முள் முன்னால் போகவில்லை. என் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, எந்தக் கைக்கும் எட்டாத இடத்தில் சட்டையைக் கவ்விக்கொண்டது. அவிழ்க்கப் போனால் தோல் இழுபடுகிறது.

தோளில் கம்பு, முதுகில் நரம்பு, ஒற்றைச் செருப்பு. அப்படியே தெரு முழுக்க நடந்து வந்தேன்.

தையற்காரர் கத்தரிக்கோலோடு எழுந்தார். "அசையாதீங்கண்ணே. நல்ல பெரிய மீனாத்தான் மாட்டியிருக்கு."

நனையவில்லை. கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான்.


மார்ச் 15, ஞாயிறு

புது இடம் கிடைத்துவிட்டது. எழுதக்கூடத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் அவள் இதைப் படிக்க மாட்டாள். என் கையெழுத்தைப் பார்த்தாலே தலைவலி என்கிறாள்.

ஆற்றின் நடுவில் ஒரு பாறை. சுற்றிலும் நாணல். கரையிலிருந்து பார்த்தால் நாணல்தான் தெரியும், ஆள் தெரியாது. தடுப்பணை மதகு மூடியிருக்கும்போது கல்லுக்குக் கல் தாவிப் போனால் கணுக்கால்தான் நனைகிறது. பாறைக்குப் பின்னால் ஆழம். அங்கே ஒரு கெண்டை. கண்டக்டர் பிடித்ததன் அண்ணன்.

மதகுக்காரர் சைக்கிளில் போகும்போது நான் கல் தாவுவதைப் பார்த்து நிறுத்தினார்.

"பெரியவரே, மதகு திறக்குற சங்கு ஊதினா உடனே கரை ஏறிடணும். யோசிக்கக் கூடாது."

நான் யோசித்துத்தான் வைத்திருக்கிறேன். போன தடவை திறந்தபோது தண்ணீரில் மிதந்துபோன ஒரு மரத்துண்டின் பின்னால் கரையோரமாகவே நடந்து கணக்குப் பார்த்தேன். சங்கு ஊதியபின் தண்ணீர் இங்கே வந்து சேர, ஒரு டீயை ஆற அமரக் குடிக்கலாம். சொன்னேன்.

"அது ஒரு மதகு திறந்தா. எல்லாம் திறந்தா டீயும் இருக்காது, டம்ளரும் இருக்காது."

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பயந்துதான் பேசுவார்.


மார்ச் 17, செவ்வாய்

கண்டக்டருக்கும் ஒரு இடம் ஏற்பாடு செய்துவிட்டேன்.

பாறையிலிருந்து கொஞ்சம் கீழே, கரையோரம் விழுந்து கிடக்கும் மரம். தண்ணீருக்குள் அதன் வேர்களில் யாரோ எப்போதோ விட்டுப்போன வலை சுற்றிக் கிடக்கிறது. முள் போட்டால் போனதுதான். அங்கே கரையில் நாலு சோள மணி சிந்தினேன். ஈர மண்ணில் என் கால் தடம் பதித்தேன். கிளையில் என் பழைய தொப்பியை மாட்டினேன், மறந்து போனவன் போல. பிறகு கல் தாவிப் பாறைக்குப் போய் நாணலுக்குள் உட்கார்ந்தேன்.

வந்தான். தொப்பியைப் பார்த்தான். சோளத்தைப் பார்த்தான். கெண்டை வந்தது போலவே வந்தான்.

ஒரு முள் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. நான் வாயில் துண்டை அடைத்துக்கொண்டேன்.


மார்ச் 18, புதன்

மனைவியிடம் அவன் முறையிட்டிருக்கிறான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு கிழமும் மீனுக்குத் தூண்டில் போடுற மாதிரி தெரியலை. ஒண்ணுக்கு ஒண்ணு போட்டுக்குதுங்க."

எனக்குக் கிழம் என்ற சொல்லில் மட்டும் ஆட்சேபம்.


மார்ச் 21, சனி

பாறையில் அண்ணன் கெண்டை இன்று என் நிழலுக்குக்கூட விலகவில்லை. நாளை முள்.


மார்ச் 22, ஞாயிறு

இன்று எழுத வரவில்லை.


மார்ச் 23, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாராவது சொல்வதற்குள்.

நேற்று மறுபடியும் தொப்பியை அந்த மரத்தில் மாட்டிவிட்டுப் பாறைக்குப் போனேன். முள்ளில் சோளம். தக்கை அசையாமல் நின்றது. பிறகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. மோந்து பார்க்கிறது என்று அர்த்தம். அப்போது சங்கு ஊதியது.

கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லப் போவதில்லை. ஒரு டீ குடிக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுபடியும் ஊதியது. அதற்குப் பின்னால் கரையிலிருந்து அவன் குரல்.

"அத்தான்! சங்கு ஊதியாச்சு, மேல வாங்க!"

நான் பேசவில்லை. பேசினால் இடம் தெரிந்துவிடும். என் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் கூவுகிறான் என்று நினைத்தேன். நினைத்தேனா? அப்படித்தான் நினைத்தேன். நாணலுக்குள் இன்னும் குனிந்துகொண்டேன். சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"அத்தான்... எங்க இருக்கீங்க?"

தக்கை முங்கியது. இழுத்தேன். கனம். கம்பு வில்லாக வளைந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு மீன் எனக்கு மாட்டியதில்லை.

"விளையாடாதீங்க அத்தான். தொப்பி இருக்கு, ஆளைக் காணோம். பதில் சொல்லுங்க."

ஒரு சொல் போதும். 'டேய்' போதும். நான் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தொபுக்கென்று ஒரு சத்தம். கரை சரிந்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் கத்தினான். இந்தத் தடவை அத்தான் என்று இல்லை.

"அக்கா... அக்கா..."

தலை நரைத்து, பேரப்பிள்ளை எடுத்தவன், தண்ணீருக்குள் நின்று அக்காவைக் கூப்பிடுகிறான்.

கம்பு எப்போது கையிலிருந்து போனது என்று தெரியவில்லை. எழுந்து பார்த்தால் தாண்டி வந்த கற்கள் ஒன்றுகூடக் காணோம். தண்ணீர் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு பாறையின் பாதி வரை ஏறிவிட்டது. டீயும் இல்லை டம்ளரும் இல்லை. டேய் நான் இங்க இருக்கேன்டா, இங்க இருக்கேன்டா என்று தொண்டை கிழியக் கத்தினேன். இப்போது கத்தி என்ன? தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் வேரைப் பிடித்துக்கொண்டு அவன் தலை மட்டும் தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் தண்ணீருக்குள்தான் என்னைத் தேடிக்கொண்டிருந்தான்.

மதகுக்காரர் வழக்கம்போலக் கரையைப் பார்த்துக்கொண்டு வந்தவர் கண்டுவிட்டார். அவர் ஆள் ஒருவரோடு படகில் வந்து முதலில் அவனை எடுத்தார். கால் வேருக்கு நடுவே செருகி, வலை சுற்றி, கணுக்கால் முறிந்திருந்தது. வலையை அறுத்துத் தூக்கினார்கள். பிறகு பாறைக்கு வந்தார்கள்.

"எத்தனை தடவை ஊதினேன். காது கேக்காதா பெரியவரே?"

"கேக்கும்," என்றேன்.

படகில் அவன் என் எதிரே கிடந்தான். பல் கிடுகிடுவென்று அடித்தது. என் தொப்பி அவன் கையில் இருந்தது, பிழிந்த துணி மாதிரி.

"எங்க இருந்தீங்க?"

"பாறையில."

"நான் கூப்பிட்டது காதுல விழலையா?"

"தண்ணி சத்தம்," என்றேன்.

அவன் முதலில் கூப்பிட்டபோது தண்ணீர் வந்திருக்கவே இல்லை. அவனுக்கும் அது தெரியும்.

"மீன் மாட்டுச்சா?"

"போயிடுச்சு."

"பெருசா?"

நான் கையை விரித்துக் காட்டினேன். அவன் சிரிக்கப் பார்த்தான். வலியில் பாதியோடு நின்றுவிட்டது.


மார்ச் 25, புதன்

காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டார்கள். எழுந்து நடக்க நாளாகும்.

மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று மருத்துவமனை வராந்தாவில், எல்லோரும் போன பிறகு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

அவளிடம் தண்ணீர்ச் சத்தத்தைப் பற்றிப் பேச முடியவில்லை.

"கேட்டுச்சு."

தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த இரண்டு கம்பையும் எடுத்தாள். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. நான் நனைந்து வந்ததைக்கூடச் சொல்லிக்காட்டவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்து தம்பி வீட்டுக்குப் போனாள். தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.


மார்ச் 26, வியாழன்

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அவன் என் கெண்டையைத் திருடாமல் இருந்திருந்தால் நான் ஒளிந்து மீன் பிடிக்க வேண்டிய அவசியம் என்ன? முதல் தப்பு யாருடையது?

கேட்டுவிட்டேன். வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள்.


மார்ச் 29, ஞாயிறு

போனேன். மனைவியைக் கூப்பிட்டு வரத்தான் போனேன்.

கண்டக்டர் கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். தலைமாட்டில் என் இரண்டு கம்பும்.

"வாங்க அத்தான், உள்ள வாங்க. படியில நிக்காதீங்க." பிறகு, "உங்க கம்பு ரொம்பக் கனம். இதை வெச்சு மீன் பிடிக்க முடியாது, துணி காயப் போடலாம்."

மனைவி என்னைக் கண்டதும் அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆனால் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"அந்த வேர்ல வலை கிடக்குன்னு எனக்குத் தெரியும்," என்றேன். "தெரிஞ்சுதான் அங்க சோளம் போட்டேன்."

"தெரியும். ரெண்டாவது முள்ளு போனப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டா அதுல இறங்கின?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். டிக்கெட் வாங்கிவிட்டு மறுபடியும் டிக்கெட் கேட்பவனைப் பார்ப்பது போல.

"தொப்பி தொங்குச்சே அத்தான். ஆளு உள்ளதான இருக்கணும்."

அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்ல ஒரு வாதம் தயார் செய்து கொண்டு போயிருந்தேன். நல்ல வாதம். கேட்கவே இல்லை. அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

கிளம்பும்போது மனைவி கூட வந்தாள். கம்பு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.


ஏப்ரல் 3, வெள்ளி

கடைக்குப் போகும் முன் கத்தியை எடுத்துக்கொண்டு விழுந்த மரத்துக்குப் போனேன். கரையோரத் தண்ணீரில் நின்று எட்டின மட்டும் வலையை அறுத்து எடுத்தேன். இடுப்பு வரை நனைந்தது. மனைவி பார்த்தாள். துண்டு எடுத்துத் தந்தாள்.


ஏப்ரல் 5, ஞாயிறு

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்கு. அவள் சொன்னாள், நாங்கள் இரண்டு பேரும் அவள் பார்க்காதபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கெண்டை யாருடையது என்ற வழக்கை நான் விடவில்லை. அது வேறு, இது வேறு. செய்ய வேண்டியவற்றைக் குறித்து வைக்கிறேன், பிறகு யாரும் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

மதகுக்காரர்: எப்போதும் போல ஊத வேண்டும். அவரிடம் இனி யாரும் டீக் கணக்குச் சொல்லப் போவதில்லை. என்னிடம் இப்போது அந்தக் கணக்கு இல்லை.

மனைவி: எங்கே போகிறோம் என்று இரண்டு பேரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் இடத்தை இன்னொருவரிடம் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

மைத்துனன்: கட்டுப் பிரிக்கும் வரை கரை மேட்டைத் தாண்டக் கூடாது. மேட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மீன் பிடிக்கச் சொல்லித்தரக் கூடாது. இதை அவன் கேட்க மாட்டான், இருந்தாலும் எழுதியாயிற்று. என் கம்புகளை அவன் வீட்டில், தலைமாட்டிலேயே வைத்திருக்க வேண்டும்.

நான்: ஒவ்வொரு தடவையும் அவன் வீட்டுக்குப் போய்க் கம்பைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது அவனையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நாற்காலியை நானே சுமக்க வேண்டும். தனியாக எங்கும் இறங்கக் கூடாது. சங்கு ஊதினால் மேலே வர வேண்டும்.

அவன் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். தக்கை முங்கிக்கொண்டிருந்தாலும்.